உமியும் மூசையும்

செஞ்சி என்ற பெயரைக் கேட்டவுடன் யாவருக்கும் கோட்டைதான் நினைவுக்கு வரும். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் மதிலும், கல்யாண மகாலும், பெரிய நெற்களஞ்சியமும், எட்டாண்டுக் காலம் நீடித்த மொகலாய முற்றுகையும், 1714-இல் மாண்ட தேசிங்கு ராசனின் கதையும் பலராலும் பலகாலும் பேசப்பட்டவை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்னும் பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் மராட்டியத்துக்கு வெளியே இருந்தது இந்தச் செஞ்சி ஒன்றே. ஆனால் நான் இன்று பேச எடுத்துக்கொண்டது கோட்டையைப் பற்றியதன்று. கோட்டையின் நிழலில் கிடக்கும் மண்ணையும் உமியையும் பற்றியது.

செஞ்சியின் அருகேயுள்ள வல்லம் என் ஊர். அறுவடை முடிந்த நாள்களில் அரவை ஆலையின் பின்புறத்தில் உமி மலைபோல் குவிந்திருக்கும். அதில் ஏறிச் சறுக்கி விளையாடி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, வீட்டில் அடிவாங்காத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. உமியைப் பற்றி உயர்வாக ஒருவரும் பேசக் கேட்டதில்லை. உமியால் ஆகக்கூடியது என்ன என்று கேட்டால், தட்டார் வீட்டு உமியோட்டைக் காட்டுவார்கள். ஓட்டில் நிறைந்த உமி புகைந்துகொண்டே இருக்கும். அதன்மேல் கரியிட்டு, சிறு மூசையில் பொன்னை வைத்து, ஊதுகுழலால் ஊதி உருக்குவார் அவர். பொன் உருகும், மூசை உருகாது. அந்த வயதில் எனக்கு வியப்பூட்டியது உருகிய பொன்னன்று, உருகாத மண்தான். பிற்காலத்தில் சுடுமண் பொருள்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் பணியில் சேர்ந்து முப்பது ஆண்டுகளைக் கழித்ததற்கு, அந்த வியப்பே முதற்காரணம் என்று இப்போது எண்ணுகிறேன்.

நெருப்பைத் தாங்கும் மண்ணின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மேனாட்டுக் கண்ணாடிச் சூளைகளிலிருந்தும் சீனத்துப் பீங்கானிலிருந்தும் தொடங்குவர். நம் தென்னாற்காட்டுப் பகுதியிலிருந்தும் அதனைத் தொடங்கலாம். 1990-களின் தொடக்கத்தில் சாரதா சீனிவாசன் என்னும் ஆராய்ச்சியாளர் பழைய தென்னாற்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மேல்சிறுவள்ளூரில் உடைந்த மூசைத் துண்டுகள் பரந்து கிடப்பதைக் கண்டு, அவற்றை ஆராய்ந்து 1994-இல் கட்டுரை வெளியிட்டார். அத்துண்டுகளின் உட்புறத்தில் ஒட்டியிருந்த நுண்ணிய உலோக மணிகள், கார்பன் மிகுந்த எஃகு என்று தெரியவந்தது. ஐரோப்பியர் ஊட்ஸ் என்று பெயரிட்டு வியந்த இந்திய எஃகு உருவாகிய களங்களுள் அதுவும் ஒன்று. ஈரோட்டுப் பகுதியில் நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1980-களில் நடந்த அகழாய்வு, இத்தொழில் நம் நாட்டில் சங்ககாலத்திலேயே வேர்கொண்டிருந்ததற்குச் சான்றுகளைத் தந்தது.

ஊட்ஸ் எஃகின் புகழைப் பற்றி நூல்கள் பல உண்டு. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் ராயல் சங்கத்தின் முன் அதனைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். கொல்லர் மகனாகப் பிறந்த மைக்கேல் பாரடே 1819-இல் அதனைப் பகுத்து ஆராய்ந்தார். அதன் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று முடிவு செய்தார். அது தவறான முடிவு. ஆயினும் அந்தத் தவறே அவரை எஃகுக் கலவைகளைப் பற்றிய நெடிய சோதனைகளுக்கு இட்டுச் சென்றது. இவையெல்லாம் எஃகின் கதை. எஃகைச் சுமந்த மூசையைப் பற்றி அவர்களுள் எவரும் அதிகமாகக் கவலைப்படவில்லை. கலம் என்றும் கலத்திலுள்ளதற்குப் பின்னேதான் நிறுத்தப்படுகிறது!

மூசையைக் கூர்ந்து நோக்கியவர்களுள் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். சென்னை அரசாங்கத்தின் பணியில் இருந்து, அதனை விட்டு, 1830-ஐ ஒட்டித் தென்னாற்காட்டுக் கடற்கரையில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர் அவர். சேலம் பகுதிக் கொல்லர்கள் எஃகு உருக்கும் முறையை அவர் நேரிற் கண்டு எழுதியுள்ள குறிப்பு இன்றும் படிக்கத்தக்கது. அதன் சாரத்தை என் சொற்களில் கூறுகிறேன்.

கொல்லர் தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டுவர். களிமண்ணோடு கருக்கிய நெல்லுமியை மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்து மூசை செய்வர். அதனுள் இரும்புத் துண்டுகளை அடுக்கி, இரும்பின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையைப் பொடியாக நறுக்கி இடுவர். அதன்மேல் ஒன்றிரண்டு பச்சை இலைகளை வைப்பர்; எருக்கிலையும் அதற்குப் பயன்பட்டது. பிறகு மூசையின் வாயை ஒரு பிடி மண்ணால் இறுக அடைப்பர். அடைப்பு உலர்ந்ததும் இருபது முதல் இருபத்து நான்கு மூசைகளைச் சிறு உலையில் வில்வளைவு போல அடுக்கிக் கரியால் மூடித் துருத்தி ஊதுவர். ஏறத்தாழ இரண்டரை மணிநேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆறிய பின்பு மூசையை உடைத்தால், அடியில் கூம்பிய எஃகுக் கட்டி கிடைக்கும். கட்டியின் மேற்பரப்பில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கதிர்போல் வரிகள் ஓடினால் உருக்கம் நிறைவு பெற்றது என்று பொருள். மேற்பரப்பு தேன்கூடு போலப் புரையோடி, உருகாத இரும்பு துருத்திக்கொண்டு நின்றால் உருக்கம் குறைபட்டது.

இக்குறிப்பில் ஒரு செய்தி என்னை நெடுநாள் உறங்கவிடாமல் வருத்தியதுண்டு. சராசரியாக ஐந்து கட்டிகளில் நான்கு ஏதேனும் ஒரு குறையுடனேயே வெளிவந்தன என்று ஹீத் எழுதுகிறார். உலகம் போற்றிய எஃகு என்று நாம் பெருமை பேசுகிறோமே, அந்தப் பெருமைக்குப் பின்னால் ஐந்துக்கு நான்கு தோல்வி நிற்கிறது. மூசையை உடைத்த பின்பே வெற்றியா தோல்வியா என்பது தெரியும். உடைந்த மூசை மறுமுறை உதவாது. மேல்சிறுவள்ளூரில் சிதறிக் கிடக்கும் ஓட்டுக் குவியலைக் கைவினைச் சிறப்பின் சின்னம் என்று மட்டும் கொள்வது எனக்கு இசைவன்று. பெயரறியாத கொல்லர்கள் நாள்தோறும் எழுதி வைத்த கணக்கேடு அது. வரவு ஒன்று, செலவு நான்கு.

இனி, கருக்கிய உமி எதற்கு? இந்தக் கேள்விக்கு நான் விடை கற்றது நூலிலன்று. என் அறியாமையால் நேர்ந்த ஓர் இழப்பினால்.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. இளமைத் துடிப்பில், நம் முன்னோர் மூசையை நாமே செய்து சோதித்தால் என்ன என்று தோன்றியது. யாரோ ஒருவர் சுருக்கி எழுதிய கட்டுரையில் களிமண்ணும் உமியும் என்று மட்டும் கண்டிருந்தேன். எங்கள் ஊர் ஏரி மண்ணைக் கொணர்ந்து, ஆலையிலிருந்து வாங்கிய பச்சை உமியைக் கலந்து, ஆறு மூசைகள் வனைந்து, மின்னுலையில் வைத்தேன். உலையின் கதவிலுள்ள சிறு துளை வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். 1200 டிகிரி சென்டிகிரேடு வரை மூசைகள் நின்றன. அதைக் கடந்து சிறிது நேரத்தில், வெயிலில் வைத்த வெல்லம் போல ஒவ்வொன்றும் தோள் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, உலையின் தரையில் கண்ணாடிக் குழம்பாகப் பரவின. தரைக்கல்லும் வெப்பக் கம்பிகளும் பாழாயின. அந்த உலை ஐந்து மாதம் வேலைக்கு ஆகவில்லை. அதனை நம்பியிருந்த மற்றவர்களின் சோதனைகளும் நின்றன. என் கைப்பட விளக்கம் எழுதிக் கொடுத்தேன்; அதில் என் மூடத்தனத்தை மறைக்க இடமே இருக்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு ஊர் சென்றபோது, மண்பாண்டம் செய்யும் முதியவர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். சிறுவயது முதல் அவரைத் தாத்தா என்றே அழைத்துப் பழக்கம். அவர் சக்கரத்தை நிறுத்தாமலே கேட்டார்: "தம்பி, பச்சை உமி போட்டியா, கருக்கின உமி போட்டியா?"

"பச்சை உமிதான், தாத்தா."

"சரி, சூளையிலே காத்துப் போச்சா, மூடிப் போட்டியா?"

"காற்று உள்ளே போகும் உலைதான்."

"அப்புறம் என்ன? கரி எல்லாம் சாம்பலாப் போயிருக்கும். கறுப்புச் சட்டி சுடும்போது நாங்க ஏன் சூளை வாயை மூடுறோம்? காத்து விட்டா சட்டி சிவப்பாப் போயிடும். கறுத்த மண்ணு வேற, சிவந்த மண்ணு வேற தம்பி."

அந்த ஒரு வாக்கியத்தில் வேதியியல் முழுவதும் அடங்கியிருந்தது. நம் மண்ணில் இரும்புத்துரு கலந்திருக்கிறது. மண் சிவப்பதற்குக் காரணம் அதுவே. மிகுந்த வெப்பத்தில் அந்தத் துரு சிலிக்காவோடு சேர்ந்து மண்ணை இளக வைக்கும். என் மூசைகள் சரிந்தது இதனால்தான். ஆனால் மண்ணுக்குள் கரி நிறைந்திருந்து, வெளிக்காற்று உட்புகாமலும் இருந்தால், அக்கரி துருவிலுள்ள ஆக்சிஜனைப் பறித்து அதனைச் சிறுசிறு இரும்பு மணிகளாக ஒதுக்கிவிடும். இளக்குவதற்குத் துரு இல்லாத மண் நெருப்பை எதிர்த்து நிற்கும். பழைய மூசைத் துண்டுகள் கன்னங்கரேலென்று இருப்பதன் இரகசியம் இதுவே. கொல்லர் கரிக்குவியலுக்குள் மூசையைப் புதைத்ததும், உமியை முன்னரே கருக்கியதும் வெறும் வழக்கமல்ல. பச்சை உமி உலையில் எரியும்போது ஆவியும் புகையும் கிளம்பி மண்ணைப் பிளக்கும். கருக்கிய உமியோ தன் புகையை முன்னமே விட்டுவிட்டு அமைதியாக வரும் விருந்தாளி.

இன்னொன்றும் உண்டு. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை முற்றிலும் எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. வேறு எந்தத் தானியத்தின் தோலிலும் இத்துணைச் சிலிக்கா காண்பது அரிது. தெல்மா லோ, நிக்கலஸ் மெர்க், காரெத் தாமஸ் ஆகிய மூவர், தெலங்கானத்துக் கோனசமுத்திரம் பக்கத்து மூசைத் துண்டுகளை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட முடிவு வியக்கத்தக்கது. உமி எரிந்தும் உருவம் அழியவில்லை. அதன் சிலிக்கா, கிரிஸ்டோபலைட் என்னும் படிகமாக மாறி, உமியின் வடிவத்திலேயே மண்ணுக்குள் எலும்புக்கூடு போல நிற்கிறது. அதனைச் சுற்றிலும் முல்லைட் என்னும் ஊசிப் படிகங்கள் பின்னிக் கிடக்கின்றன. இழைகளால் வலுவூட்டிய கலப்புச் சுடுமண் என்று இன்றைய பொறியியலார் சொல்லும் இனத்தைச் சேர்ந்த பொருள் அது. 1300, 1400 டிகிரி வெப்பத்தில் உருகிய எஃகின் பாரத்தை அம்மெல்லிய சுவர் தாங்கியது இந்த எலும்பின் வலிமையால்.

ஹீத்தின் கதையை முடித்துவிட்டு மேலே செல்கிறேன். அவரது ஆலை ஆதாயம் காணவில்லை. எஃகோடு மாங்கனீசுச் சேர்மத்தைக் கூட்டும் முறைக்கு 1839-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு நகரத்து எஃகு முதலாளிகள் அந்த முறையைச் சிறிது மாற்றி, அவருக்கு ஒன்றும் கொடாமலே பயன்படுத்திக்கொண்டனர். வழக்காடியே நொந்து 1851-இல் வறுமையில் இறந்தார். சேலத்துக் கொல்லரின் நுணுக்கத்தைப் பதிவு செய்தவருக்கே இந்தக் கதி என்றால், கொல்லரின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை. மலிவான சீமை இரும்பு வந்திறங்கியது. காட்டில் கரி சுடுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. செய்முறை மகனுக்கும் மருமகனுக்கும் வாய்மொழியாகச் சென்றுகொண்டிருந்த கலை அது. வாய் மூடியதும் கலையும் மறைந்தது. அந்நியர் எழுதிய சில பக்கங்களும், உடைந்த ஓடுகளுமே நமக்கு எஞ்சியவை.

நேயர்களே! இதுவரை நான் சொன்னது இரும்புக் காலத்துச் செய்தி. இதே வினா, நுண்துளையுள்ள ஒரு மண்பொருள் எத்துணை வெப்பத்தை எத்துணைக் காலம் உருக்குலையாமல் தாங்கும் என்னும் வினா, அணுக்கரு ஆராய்ச்சியின் வாயிலில் மீண்டும் வந்து நின்றது.

1951-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், நீல்ஸ் போர் தலைமை வகித்த ஆராய்ச்சிக் கழகத்தில், ஓட்டோ கோபோட்-ஹான்சன், கார்ல் ஓவ் நீல்சன் என்னும் இருவர் ஒரு சோதனை நடத்தினர. யுரேனியம் பிளவுறும்போது தோன்றும் சில அணுக்கள் சில நிமிடங்களோ சில நொடிகளோதான் உயிர்வாழும். அவற்றை யுரேனியத்திலிருந்து பிரித்தெடுத்து ஆராய்வதற்குள் அவை சிதைந்து மறைந்துவிடும். ஆகவே, அணு தோன்றிய கணத்திலேயே இலக்கிலிருந்து வெளியேறிக் கருவிக்குள் ஓடிவர வேண்டும். இதற்கு அவர்கள் கையாண்ட உபாயம் சமையலறையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 10 கிலோ யுரேனியம் ஆக்சைடோடு, ரொட்டி சுடுவோர் மாவு பொங்குவதற்காகச் சேர்க்கும் அம்மோனியம் கார்பனேட்டு என்னும் பொடியைக் கலந்தனர். நம் வீட்டு ஆப்பசோடாவுக்கு அது உறவு. பொடியிலிருந்து கிளம்பிய வாயு, கிரிப்டான் அணுக்களைத் தன்னோடு அடித்துக்கொண்டு வெளியே வந்தது. புது விஞ்ஞானம் ஒன்று அன்று பிறந்தது.

அதன் வழியில், ஜினீவாவின் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் ஐசோல்டே என்னும் சாதனம் 1967 அக்டோபரில் முதற்சோதனையைத் தொடங்கியது. இன்றுவரை 70-க்கு மேற்பட்ட தனிமங்களின் ஆயிரத்துக்கும் அதிகமான ஐசோடோப்புகளை அது தந்துள்ளது. அதன் நெஞ்சம் போன்ற பகுதி, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள டாண்டலம் உருளை. அதற்குள் வைக்கப்படுவது யுரேனியம் கார்பைடு, கால்சியம் ஆக்சைடு, சிலிக்கான் கார்பைடு முதலிய பொருள்களில் ஒன்று. மின்னோட்டத்தால் உருளையைச் சூடாக்குவர். பொருளுக்குத் தக்கபடி வெப்பம் 2000 டிகிரியையும் கடக்கும். மிகு விரைவுப் புரோட்டான்கள் அதனைத் தாக்கும். தாக்குண்ட அணுக்கருக்கள் சிதறிப் புதிய அணுக்கள் தோன்றும். அவற்றுள் ஆர்கான்-31 என்பதன் அரை ஆயுள் ஏறத்தாழ 15 மில்லிநொடி. கண் இமைக்கும் நேரத்துக்குள் பல தலைமுறை கழிந்துவிடும்!

அந்த அணு வெளியேற இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். முதலில், தான் பிறந்த பரலுக்குள்ளிருந்து ஊர்ந்து அதன் மேற்பரப்பை அடைய வேண்டும். பரலின் அளவு பாதியானால் ஊர்வதற்காகும் காலம் நான்கில் ஒன்றாகும். அடுத்து, பரல்களுக்கு இடையேயுள்ள துளைகளின் வழியே மோதி மோதி வாயிலை அடைய வேண்டும். துளைகள் ஒன்றோடொன்று தொடர்புடையனவாக இருந்தாலன்றி வழியில்லை. ஆகவே பரல் மிக நுண்ணியதாகவும் துளை மிகுந்ததாகவும் வெப்பம் மிக உயர்ந்ததாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பகை. நுண்ணிய பரல்களை மிக்க வெப்பத்தில் வைத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து, துளைகளை அடைத்துவிடும். குயவர் மண் இறுகுவது என்று சொல்வது இதுதான். பானைக்கு அது வாழ்வு. இலக்குக்கு அது சாவு.

எனவே சோதனை என்பது இத்துறையில் உயிர்நாடி. சோதிக்கும் முறையில் எளியது, நாங்கள் எங்கள் கூடத்தில் செங்கல்லுக்கும் செய்தது. பொருளை உலர்த்தி நிறுப்பது. நீரில் கொதிக்கவைத்துத் துளைகளில் நீர் நிறைந்த பின் நீருக்குள் தொங்கவிட்டு நிறுப்பது. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடியும் நிறுப்பது. இம்மூன்று எடைகளிலிருந்து துளையின் அளவு தெரிந்துவிடும், ஆர்க்கிமிடீசுக்கு நன்றி! நீரைக் கண்டால் பொங்கும் கால்சியம் ஆக்சைடு போன்றவற்றுக்கு இந்த முறை ஆகாது. காற்றின் ஈரமே அவற்றைக் கெடுத்துவிடும். அவற்றைக் குளிர்ந்த நைட்ரஜன் வாயுவில் வைத்து, எவ்வளவு வாயு மேற்பரப்பில் படிகிறது என்று அளந்து, ஒரு கிராம் பொருளுக்கு எத்துணைப் பரப்பு என்று கணிப்பர். பிறகு வெற்றிட உலையில் படிப்படியாகச் சூடேற்றி, பல மணிநேரம் வைத்திருந்து, மறுபடியும் அளப்பர். பரப்பு குறைந்தால் பரல் பருத்துவிட்டது என்று அறியலாம். நுண்ணோக்கிப் படம் அதனை உறுதிசெய்யும். மண்பொருள் வெப்பத்தில் எப்போது தலைசாய்க்கிறது என்று காண ஹெர்மன் சேகர் என்னும் ஜெர்மானியர் 1886-இல் கண்டுபிடித்த கூம்புகளை நாங்கள் உலையில் வைப்பதுண்டு. என் ஆறு மூசைகளும் அன்று அந்தக் கூம்புகளின் வேலையைத்தான் செய்தன. விலைதான் சற்று அதிகம்.

உமிக்கும் இந்த இலக்குகளுக்கும் உள்ள உறவை நான் முதலில் உணர்ந்தது, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தாரின் முறையைப் படித்தபோது. புளோரின் ஐசோடோப்புகளைப் பெற அவர்கள் ஹாபினியம் ஆக்சைடு இழைகளை இலக்காகப் பயன்படுத்தினர். அவ்வகை இழைத்துணிகளைச் செய்யும் வழி வேடிக்கையானது. ரேயான் துணியை உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தி எரிப்பர்; துணி எரிந்துபோகும்; உலோக ஆக்சைடு துணியின் உருவத்திலேயே, இழைக்கு இழை, எஞ்சி நிற்கும். படித்த கணத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உயிர்ப்பொருள் எரிய, கனிமம் அதன் வடிவைத் தாங்கி நிற்பது, மேல்சிறுவள்ளூர் ஓட்டில் நான் கண்ட அதே நிகழ்ச்சியன்றோ!

மேலும் ஒரு கண்ணி உண்டு. 1970-களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஐவன் கட்லர் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும், நெல்லுமியைக் காற்றின்றிக் கடுமையாகச் சூடேற்றினால் அதிலுள்ள கரியும் சிலிக்காவும் கூடிச் சிலிக்கான் கார்பைடு ஆகிறது என்று காட்டினர். கரியும் சிலிக்காவும் உமிக்குள் மிக நெருங்கிக் கலந்திருப்பதே அதற்குத் துணை. இந்தச் சிலிக்கான் கார்பைடு, கனடாவின் வான்கூவரிலுள்ள டிரையம்ப் நிலையத்தில் இலக்குப் பொருளாகப் பயன்பட்டது. அதிலிருந்து சோடியம்-21, அலுமினியம்-26 ஆகிய அணுக்கற்றைகளைப் பெற்று, விண்மீன்கள் வெடிக்கும்போது நடக்கும் அணுக்கரு மாற்றங்களை அங்கே ஆராய்ந்தனர். அவர்கள் பயன்படுத்திய பொருள் உமியிலிருந்து வந்ததன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறவு பொருளின் குணத்தில், வழிவழியாக வந்ததில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டியிருக்கிறது. நான் இப்படிப் பேசியதைக் கேட்ட நண்பர் ஒருவர், அப்படியானால் நம் கொல்லர் அணு விஞ்ஞானத்தை அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்கிவிட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கொல்லர் விரும்பியது நேர்மாறானது. அவருடைய மூசை ஒன்றையும் வெளியே விடக்கூடாது. அணு ஆய்வாளரின் இலக்கு எல்லாவற்றையும் உடனே வெளியே விட வேண்டும். ஒருவர் காவற்காரர், மற்றவர் வழியனுப்புபவர். நெருப்பின் நடுவே நுண்துளை மண் எப்படி நடந்துகொள்கிறது என்னும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் இருவர் பாதையும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பே போதிய பெருமை. மிகைப் பெருமை அவர்களின் உண்மையான உழைப்பை, ஐந்துக்கு நான்கு என்ற அந்தக் கணக்கை, மறைத்துவிடும்.

நம் நாட்டிலும் இத்துறைக்கு இடமுண்டு. கோல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தில் 1977-இல் இயங்கத் தொடங்கிய சைக்ளோட்ரானைத் துணையாகக் கொண்டு, கதிரியக்க அயனிக் கற்றைகளைப் பெறும் திட்டம் வகுக்கப்பட்டது. அங்கும் நுண்துளை ஆக்சைடு இலக்குகளை உருவாக்கும் ஆய்வுகள் நடந்தன. எங்கள் பக்கத்திலேயே கல்பாக்கம் இருக்கிறது. 1971-இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினை நிலையை எய்தியது. அதன் எரிபொருள் புளுட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு. மும்பைத் திராம்பேயில் செய்யப்பட்ட அந்த வில்லைகளிலும் வேண்டுமென்றே நுண்துளைகள் விடப்பட்டன. பிளவில் தோன்றும் வாயுவுக்கும் வில்லையின் வீக்கத்துக்கும் இடம் வேண்டுமல்லவா? ஒரு டன்னுக்கு 1,65,000 மெகாவாட்-நாள் வரை அந்த எரிபொருள் எரிந்து காட்டியது. துளை என்பது குறையன்று. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு இருந்தால் அது குணம் என்று இதைக் கேட்டபோது எங்கள் ஊர்த் தாத்தாவின் நினைவு வந்தது. மண்ணுக்கும் மூச்சு விட வழி வேண்டும் தம்பி என்பார் அவர்.

ஒரு வேறுபாடு மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கொல்லர் மூசையை உடைத்துப் பார்த்தார். தவறு எங்கே என்று கையில் எடுத்து ஆராய்ந்தார். மறுநாள் மண்ணைச் சற்று மாற்றினார். ஐசோல்டேயின் இலக்கு, வேலை முடிந்தபின் கதிரியக்கம் மிகுந்து, மனிதக் கை தீண்டத் தகாததாகிறது. எந்திரக் கைகள் அதனைக் கழற்றி, காப்புச் சுவர்களுக்குள் கொண்டு வைக்கின்றன. உள்ளே பரல்கள் பருத்தனவா, துளைகள் அடைபட்டனவா என்று திறந்து பார்க்கப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். பலவற்றைத் திறந்தே பார்ப்பதில்லை. அதனால்தான் எரிப்பதற்கு முன்னரே இத்தனை சோதனைகள்.

என் மேசைமேல் கறுப்பு மூசைத் துண்டு ஒன்று இருக்கிறது. பழையதன்று, தாத்தாவின் சொற்படி உமியைக் கருக்கி, மண்ணோடு பிசைந்து, கரிக்குவியலில் மூடி வைத்து நான் பின்னாளில் சுட்டவற்றுள் ஒன்று. அந்த முறையும் ஐந்து செய்தேன். இரண்டு வெடித்தன, ஒன்று சாய்ந்தது, ஒன்றில் விரிசல் கண்டது. ஒன்று நின்றது.